தேர் வடம் பிடித்த பெண்களும் முதல்வர் நாற்காலியும்

வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேரோட்டத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் கவர்னரே நேரில் வந்து வடம் பிடித்துத் தேரை நகர்த்துவார். அவர்கள் போன பிறகும் வழக்கம் போகவில்லை. கவர்னர் இடத்துக்குத் துணைநிலை ஆளுநர் வந்தார், கூடவே முதலமைச்சரும் வந்தார்.

இந்தத் துணைநிலை ஆளுநர் பதவியில் பெண்கள் பலமுறை இருந்திருக்கிறார்கள். 1990-ல் சந்திராவதி, 1995-ல் ராஜேந்திர குமாரி பாஜ்பாய், 1998-ல் ரஜனி ராய், 2016-ல் கிரண் பேடி, 2021-ல் தமிழிசை சௌந்தரராஜன் என்று ஐந்து பேர். பக்கத்துத் தமிழ்நாட்டில்கூட இத்தனை பெண் ஆளுநர்கள் கிடையாது. ஆனால் வடத்தின் இன்னொரு பக்கம் நிற்கும் முதலமைச்சர்? 1963-ல் எதுவார் குபேர் தொடங்கி 2021-ல் மீண்டும் பதவியேற்ற ரங்கசாமி வரை பத்துப் பேர். பத்தும் ஆண்கள்.

அந்த ஐந்து பெண்களும் டெல்லி அனுப்பி வைத்தவர்கள். புதுச்சேரிக்காரர்கள் ஓட்டுப் போட்டு உட்கார வைத்தவர் என்று ஒருவர்கூட இல்லை. மக்களவைக்கு இருக்கும் ஒரே ஒரு தொகுதியிலிருந்தும் இதுவரை ஒரு பெண் போனதில்லை.

இதில் ஒரு வேடிக்கை வேறு. புதுச்சேரி அரசின் முத்திரையில் இருப்பது ஆயி மண்டபம். ஆயி யார்? ஊர்க் கதைப்படி அவள் ஒரு தாசி. விஜயநகர அரசர் கிருஷ்ணதேவராயர் அந்தப் பக்கமாகப் போகும்போது, விளக்கொளியில் மின்னிய அவள் வீட்டைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டார். உண்மை தெரிந்ததும் வீட்டை இடிக்க உத்தரவு. "நானே இடித்துக் கொள்கிறேன்" என்று கேட்டு வாங்கி, இடித்த இடத்தில் குளம் வெட்டினாள். பின்னாளில் அந்தத் தண்ணீர்தான் வாய்க்கால் வழியாகப் பிரெஞ்சு நகரத்துக்குப் போனது. ஆக, அரசு அனுப்பும் ஒவ்வொரு காகிதத்திலும் ஒரு பெண்ணின் நினைவுச் சின்னம் இருக்கிறது. கையெழுத்து மட்டும் ஆணுடையது!

பெண்களை ஏன் தேர்ந்தெடுக்கவில்லை என்று கேட்டால் உடனே வரும் பதில், "படிப்பில்லை, விழிப்புணர்வு இல்லை" என்பது. புதுச்சேரி விஷயத்தில் இது நிற்காது. 2011 கணக்கெடுப்பில் இங்கே 1000 ஆண்களுக்கு 1037 பெண்கள். பெண்களின் எழுத்தறிவு 80 சதவீதத்துக்கு மேல். 2021 சட்டமன்றத் தேர்தலில் சுமார் 10 லட்சம் வாக்காளர்கள், அதில் பெண்கள் ஆண்களைவிட 50 ஆயிரத்துக்கும் அதிகம். பெண்கள் மட்டும் சேர்ந்து ஓட்டுப் போட்டால் எந்த அரசையும் கவிழ்க்கலாம். அப்படியிருந்தும் அந்தத் தேர்தலில் 30 இடங்களில் வென்ற பெண் ஒரே ஒருவர்.

உலக அளவிலும் படிப்புக்கும் இதற்கும் பெரிய தொடர்பு தெரியவில்லை. 1960-ல் உலகின் முதல் பெண் பிரதமரைக் கொடுத்தது இலங்கை. அமெரிக்கா 2016-ல் ஹிலாரி கிளின்டனையும் 2024-ல் கமலா ஹாரிஸையும் நிறுத்திப் பார்த்தது, இரண்டு முறையும் முடியவில்லை. புதுச்சேரியை ஆண்ட பிரான்ஸையே எடுத்துக் கொள்வோம். 1944-ல்தான் அங்கே பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது. எதித் கிரெசோன் 1991-லும் எலிசபெத் போர்ன் 2022-லும் பிரதமர் ஆனார்கள். ஆனால் பிரான்ஸில் பிரதமர் நியமனப் பதவி. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஜனாதிபதி தேர்தலில் 2007-ல் செகோலென் ரோயால் தோற்றார், 2017-லும் 2022-லும் மரின் லு பென் தோற்றார். நியமிக்கப்பட்டால் பெண், தேர்ந்தெடுக்கப்பட்டால் ஆண். புதுச்சேரியின் கதையும் அதேதான்.

சரி, தெற்காசியாவில் பெண்கள் எப்படித் தலைமைக்கு வந்தார்கள்? பெரும்பாலும் குடும்ப வழியாக. சிறிமாவோ கணவர் கொலையான பின் வந்தார். இந்திரா காந்தி நேருவின் மகள். பேநசீர் பூட்டோவும் அப்படியே. மாநிலங்களில் புதுச்சேரியோடு ஒப்பிடச் சரியான இடம் கோவா. அதுவும் அப்போது ஐரோப்பியரிடமிருந்து வந்த சின்ன யூனியன் பிரதேசமாக இருந்தது, அங்கேயும் அன்று 30 இடச் சட்டமன்றம்தான் இருந்தது. 1973-ல் முதலமைச்சர் தயானந்த் பந்தோத்கர் இறந்ததும் அவர் மகள் சசிகலா காகோத்கர் முதலமைச்சர் ஆனார்.

புதுச்சேரியில் குடும்ப அரசியல் இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. நெட்டப்பாக்கம் பகுதியைச் சேர்ந்த வெங்கடசுப்பா ரெட்டியார் 1964-ல் முதலமைச்சர். அவர் மகன் வைத்திலிங்கம் 1991-லும் 2008-லும் முதலமைச்சர். அப்பாவின் நாற்காலி பிள்ளைக்கு வரும் வழி இங்கேயும் திறந்துதான் இருந்தது. ஆனால் அதில் நடந்து வந்தது மகன். கோவாவில் நடந்தது போன்ற ஒரு தற்செயல் இங்கே நிகழவில்லை. பெண் தலைவர்கள் வந்த நாடுகளை முற்போக்கு என்றும் வராத நாடுகளைப் பிற்போக்கு என்றும் பிரிப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பல இடங்களில் தலைமைக்கு யார் வந்தார்கள் என்பதைத் தீர்மானித்தது, வாரிசு மகனா மகளா என்ற ஒன்றுதான்.

இதைவிட முக்கியமான காரணம் தொகுதியின் அளவு என்று தோன்றுகிறது. புதுச்சேரியில் ஒரு தொகுதிக்குச் சராசரி 33 ஆயிரம் ஓட்டு. தமிழ்நாட்டில் ஒரு தொகுதிக்கு இரண்டு லட்சத்துக்கு மேல். சின்னத் தொகுதி என்றால் பெண்களுக்கு எளிது என்றுதான் நினைப்போம். நடப்பது நேர்மாறு. பாகூரிலோ வில்லியனூரிலோ ஓட்டுக் கேட்பவர் கட்சிச் சின்னத்தை மட்டும் காட்டித் தப்ப முடியாது. சாவு வீட்டுக்குப் போக வேண்டும், காதுகுத்துக்கு மொய் வைக்க வேண்டும், ராத்திரி பதினொரு மணிக்கு டீக்கடை வாசலில் பஞ்சாயத்து பேச வேண்டும், போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால் ஓட வேண்டும். இதையெல்லாம் ஓர் ஆண் செய்தால் "நம்ம ஆளு". ஒரு பெண் செய்தால் ஊர் வாய் சும்மா இருக்குமா?

தமிழ்நாட்டில் ஜெயலலிதா 1991-ல் இந்த டீக்கடையைத் தாண்டி வந்தார். அவருக்கு இரட்டை இலை இருந்தது, திரையில் பார்த்த முகம் இருந்தது. புதுச்சேரியில் அந்த மாதிரி அலை அதிக நாள் அடித்ததில்லை. 1974-ல் அண்ணா தி.மு.க. இங்கே ஆட்சி அமைத்து 21 நாளில் கவிழ்ந்தது. கூட்டணி, கட்சித் தாவல், ஜனாதிபதி ஆட்சி என்றே பல ஆண்டுகள் போயின. அப்படிப்பட்ட இடத்தில், எம்.எல்.ஏ.க்களை எண்ணி வைத்திருக்கத் தெரிந்த பழைய ஆட்களுக்குத்தான் முதல்வர் பதவி போகும்.

எம்.எல்.ஏ. ஆகாமலேயே முதல்வர் ஆனவர்களும் இங்கே உண்டு. 2001-ல் ப. சண்முகம் அப்படித்தான் முதல்வராக இருந்து, ஆறு மாதத்துக்குள் உறுப்பினராக முடியாமல் விலகினார். 2016-ல் நாராயணசாமி முதலில் பதவியேற்று, பிறகு நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில் நின்றார். மக்கள்தான் பெண்ணைத் தேர்ந்தெடுக்கவில்லை என்று பழியை அவர்கள் மேல் போட முடியாது. மேலிடம் நினைத்தால் யாரையும் உட்கார வைக்கலாம் என்று இருந்தபோதும் ஒரு பெண்ணின் பெயர் மேலிடத்துக்கு நினைவு வரவில்லை.

அமைச்சர் பதவியிலும் இதே கதை. 1980-ல் எம்.டி.ஆர். ராமச்சந்திரன் அமைச்சரவையில் ரேணுகா அப்பாதுரை கல்வி அமைச்சர் ஆனார். அடுத்த பெண் அமைச்சர் வர 41 ஆண்டு ஆனது. 2021-ல் காரைக்கால் நெடுங்காடு தொகுதியின் சந்திர பிரியங்கா. முன்னாள் அமைச்சர் சந்திரகாசுவின் மகள் (மறுபடியும் மகள்!). 2023 அக்டோபரில் சாதி, பாலினப் பாகுபாட்டைச் சந்தித்ததாகக் கடிதம் எழுதி விலகினார். அவர் செயல்பாட்டில் முதல்வருக்குத் திருப்தி இல்லை, நீக்கும்படி ஏற்கெனவே பரிந்துரை போய்விட்டது என்றது அரசுத் தரப்பு. எது முதலில் நடந்தது என்ற சண்டை எப்படியிருந்தாலும், அமைச்சரவை மறுபடி ஆண்கள் மட்டுமே உள்ளதாக ஆனது.

2016 தேர்தல் முடிவுகளில் யாரும் அதிகம் பேசாத ஒரு விஷயம் இருக்கிறது. அந்த முறை நான்கு பெண்கள் வென்றார்கள். திருபுவனையில் கோபிகா, நெட்டப்பாக்கத்தில் விஜயவேணி, நெடுங்காட்டில் சந்திர பிரியங்கா, நிரவி - திருப்பட்டினத்தில் கீதா ஆனந்தன். இதில் முதல் மூன்றும் தனித் தொகுதிகள். புதுச்சேரியில் தனித் தொகுதி மொத்தமே ஐந்துதான். ஐந்தில் மூன்று பெண்கள், மீதி 25 பொதுத் தொகுதிகளில் ஒரே ஒரு பெண். ரெட்டியார் குடும்பத்தின் நெட்டப்பாக்கம் தனித் தொகுதியாக மாறிய பிறகுதான் அங்கே ஒரு பெண் வென்றார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பரம்பரையாக ஒரு தொகுதியைப் பிடித்து வைத்திருப்பவர் நகர்ந்தால்தான் புதியவருக்கு இடம். அந்த நகர்த்தலைச் சட்டம் செய்தது.

கீழ்மட்டத்தில் இதற்கான பயிற்சிக் களம் உள்ளாட்சிதான். 1880-லேயே பிரெஞ்சுக்காரர்கள் இங்கே கொம்யூன்களை அமைத்தார்கள். ஊருக்கு ஒரு 'மேர்' என்பது இந்தப் பகுதிக்குப் பழகிப்போன விஷயம். 1954 அக்டோபர் 18-ல் வில்லியனூர் பக்கத்துக் கீழூரில் இந்தியாவோடு சேர்வதா என்று 178 பேர் ஓட்டுப் போட்டு, 170 பேர் சரி என்றார்களே, அவர்களில் பெரும்பாலோர் இந்த நகரசபை உறுப்பினர்கள்தான். இவ்வளவு பழைய உள்ளாட்சி மரபுள்ள ஊரில் 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் 2006-ல்தான் நடந்தது. 38 ஆண்டு! அந்த 2006 தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் கிராமங்களில் பெண்கள் தலைவர்களாகவும் உறுப்பினர்களாகவும் முதல்முறையாக உட்கார்ந்தார்கள். 2011-ல் பதவிக்காலம் முடிந்தது. 2021-ல் தேர்தல் தேதி அறிவித்தும் இட ஒதுக்கீட்டு வழக்கில் நின்று போனது. ஐந்து ஆண்டு அனுபவம் பெற்ற ஒரு தலைமுறைப் பெண்கள் அடுத்த படிக்கு ஏற, படியே இல்லாமல் போய்விட்டது.

வாய்ப்புக் கிடைத்தால் இந்தக் கிராமத்துப் பெண்கள் செய்வார்களா என்ற சந்தேகத்துக்கு 1998-லேயே பதில் கிடைத்துவிட்டது. அப்போது எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. ஏம்பலத்தில் கோயில் கட்டடத்திலேயே கம்ப்யூட்டரை வைத்து, உள்ளூர்ப் பெண்கள் நடத்தினார்கள். அன்றைய நெல் விலை, ஆஸ்பத்திரி விவரம், அரசுத் திட்டங்கள் எல்லாம் அங்கே கிடைத்தன. கோயிலுக்குள் யார் வரலாம் என்று சட்டம் பேசிய ஊர்களில், அந்தக் கம்ப்யூட்டரைத் தேடி எல்லாத் தெரு ஆட்களும் வந்தார்கள், பெண்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போனார்கள்.

2023-ல் நாடாளுமன்றம் 106-வது அரசியல் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியபோது புதுச்சேரி அதில் அடங்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் யூனியன் பிரதேசங்கள் சட்டத்தைத் தனியாகத் திருத்தி, புதுச்சேரி சட்டமன்றத்திலும் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று எழுதினார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுசீரமைப்பும் முடிந்த பிறகே நடைமுறை என்ற நிபந்தனையோடு. 30-ல் மூன்றில் ஒன்று என்றால் பத்து. 2021-ல் ஒருவர் உட்கார்ந்திருந்த அவையில் பத்துப் பேர். பொதுத் தொகுதிகளில் பரம்பரையாக உட்கார்ந்திருப்பவர்களில் யாரெல்லாம் எழுந்திருக்க வேண்டியிருக்கும் என்ற கணக்கை, வில்லியனூர் டீக்கடைகளில் இப்போதே போட ஆரம்பித்திருப்பார்கள்.