முடி நிறத் திருத்தம்

முடி நிறத் திருத்தம் என்பது, வெளிறச் செய்யப்பட்ட தலைமுடியில் தோன்றும் விரும்பத்தகாத மஞ்சள், செம்மஞ்சள் அல்லது செந்நிறச் சாயலை, அதற்கு எதிரான நிறம் ஒன்றைச் சேர்த்துத் தணிக்கும் முறை ஆகும். இச்சாயல் துலக்கிய பித்தளையின் நிறத்தை ஒத்திருப்பதால் பித்தளைச் சாயல் எனப்படுகிறது. திருத்தத்திற்குப் பயன்படும் சாயம் டோனர் என்றும், கழுவும்போதே சிறிதளவு நிறமேற்றும் வகை ஊதா ஷாம்பு அல்லது நீல ஷாம்பு என்றும் அழைக்கப்படும். இயல்பில் கருமுடி உடையவர்கள் வீட்டிலேயே முடியை வெளிறச் செய்துகொள்ளும்போது இச்சிக்கல் ஏறத்தாழ எப்போதும் தோன்றும்.

பித்தளைச் சாயல் தோன்றக் காரணம்

முடியின் நிறம் மெலனின் என்னும் நிறமியால் உண்டாகிறது. இது இரு வகைப்படும். யூமெலனின் கருமையும் பழுப்பும் தருவது; பியோமெலனின் செம்மையும் மஞ்சளும் தருவது. வெளிறூட்டும் கலவையில் உள்ள ஐதரசன் பெராக்சைடு, அமோனியா போன்ற காரப்பொருளின் துணையுடன் முடியின் உள்ளே புகுந்து இந்நிறமிகளை ஆக்சிசனேற்றம் செய்கிறது. பொடி வடிவ வெளிறூட்டிகளில் அம்மோனியம், பொட்டாசியம் அல்லது சோடியம் பெர்சல்பேட்டு சேர்க்கப்பட்டு வினை விரைவாக்கப்படுகிறது.

யூமெலனின் எளிதில் சிதைவுறும். பியோமெலனின் நிலைத்து நிற்கும். எனவே கருமுடி வெளிறும்போது நேரடியாக வெண்மை அடைவதில்லை. அது செம்பழுப்பு, செம்மை, செம்மஞ்சள், மஞ்சள் என்னும் படிகளைக் கடந்தே வெளிர்மஞ்சளை எட்டும். முடியின் புரதமான கெராட்டினும் இயற்கையில் இளமஞ்சள் நிறம் கொண்டது. ஆதலால் நிறமி முழுவதும் நீங்கினாலும் தூய வெண்மை கிடைப்பதில்லை. வீட்டில் செய்யப்படும் வெளிறூட்டல் பெரும்பாலும் செம்மஞ்சள் படியிலேயே நின்றுவிடுவதே பித்தளைச் சாயலுக்கு முதன்மைக் காரணமாகும்.

முதலில் சரியாக அமைந்த நிறமும் பின்னர் பித்தளைச் சாயல் அடையலாம். டோனரின் சாயம் ஒவ்வொரு கழுவலிலும் சிறிது சிறிதாக வெளியேறுவதும், சூரிய ஒளியும், ஆழ்துளைக் கிணற்று நீரில் உள்ள இரும்பு முடியில் படிவதும் இதற்குக் காரணங்கள் ஆகும். நீரில் செம்பு மிகுந்திருந்தால் வெளிறிய முடி பசுமை தட்டும்.

எதிர்நிறக் கோட்பாடு

நிறச் சக்கரத்தில் நேரெதிரே அமைந்த இரு நிறங்கள் கலக்கும்போது ஒன்றையொன்று மட்டுப்படுத்திச் சாம்பல் அல்லது பழுப்புச் சாயலைத் தருகின்றன. மஞ்சளுக்கு ஊதாவும், செம்மஞ்சளுக்கு நீலமும், செம்மைக்குப் பச்சையும் எதிர்நிறங்கள் ஆகும். முடியலங்காரத் துறையில் முடியின் வெளிர்மை 1 (கருப்பு) முதல் 10 (மிக வெளிர்மஞ்சள்) வரையான மட்டங்களால் குறிக்கப்படுகிறது. ஒவ்வொரு மட்டத்திலும் வெளிப்படும் அடிநிறமும் அதைத் திருத்தும் நிறமும் பின்வருமாறு:

- மட்டம் 3, 4: செம்மை. திருத்தும் நிறம் பச்சை.
- மட்டம் 5: செம்மை மிகுந்த செம்மஞ்சள். திருத்தும் நிறம் நீலப்பச்சை.
- மட்டம் 6: செம்மஞ்சள். திருத்தும் நிறம் நீலம்.
- மட்டம் 7: மஞ்சள் கலந்த செம்மஞ்சள். திருத்தும் நிறம் ஊதா கலந்த நீலம்.
- மட்டம் 8, 9: மஞ்சள். திருத்தும் நிறம் ஊதா.
- மட்டம் 10: வெளிர்மஞ்சள். திருத்தும் நிறம் மெல்லிய ஊதா.

தவறான நிறத்தைத் தேர்வதே பொதுவான பிழை. செம்மஞ்சளாக உள்ள முடியில் ஊதா ஷாம்பு பெரிய மாற்றம் எதையும் உண்டாக்காது. மஞ்சளாக உள்ள முடியில் நீலம் இட்டால் பச்சை தோன்றும். தமிழர் முடி பெரும்பாலும் மட்டம் 1 அல்லது 2 ஆக இருப்பதால், ஒருமுறை வெளிறச் செய்தபின் ஊதாவைவிட நீலமே பெரும்பாலும் பொருந்துகிறது.

டோனர் முடியை வெளிறச் செய்வதில்லை என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது. அது நிறத்தைக் கூட்டுகிறதே தவிர நிறமியை நீக்குவதில்லை. ஆகவே செம்மஞ்சள் முடியை டோனரால் வெளிர்பொன் நிறமாக்க இயலாது, மட்டான பழுப்பாக்கலாம். கருமுடியில் இதுவே இயல்பாகப் பொருந்தும் முடிவாகவும் சேதம் குறைந்ததாகவும் அமைகிறது.

முறைகள்

ஊதா அல்லது நீல ஷாம்பு: இதில் உள்ள நேரடிச் சாயம் முடியின் மேற்பரப்பில் படிகிறது. பொதுவாக வாரம் ஒன்று அல்லது இரண்டு முறை, சில நிமிடங்கள் ஊறவிட்டு அலசப்படுகிறது. நாள்தோறும் பயன்படுத்தினால் முடி மங்கலாகவோ ஊதா திட்டுகளுடனோ தோன்றும்.

நேரடிச் சாய டோனர்: அமோனியாவும் பெராக்சைடும் அற்றது. சில கழுவல்களில் நீங்கிவிடும். பிழை நேர்ந்தாலும் மீள்வது எளிது.

ஆக்சிசனேற்ற டோனர்: 3 விழுக்காடு (10 வால்யூம்) அல்லது அதற்கும் குறைந்த செறிவுடைய பெராக்சைடுடன் கலந்து இடப்படுவது. பல வாரங்கள் நிலைக்கும். வெளிறூட்டலுக்குப் பயன்படும் 6 விழுக்காடு (20 வால்யூம்), 9 விழுக்காடு (30 வால்யூம்) கரைசல்களை இதனுடன் கலப்பது தேவையற்ற சேதத்தை விளைவிக்கும்.

படிவு நீக்கும் ஷாம்பு: ஈ.டி.டி.ஏ. போன்ற பொருள் கலந்தது. நீரிலிருந்து படிந்த இரும்பையும் செம்பையும் பிணைத்து அகற்றும். சாயலுக்கு நீரே காரணமானால் டோனருக்கு முன் இதனைப் பயன்படுத்த வேண்டும்.

வெளிறிய முடி நுண்துளைகள் மிகுந்தது. சாயத்தை விரைவாகவும் சீரற்றும் உறிஞ்சும். நுனி, வேர்ப்பகுதியைவிட விரைவில் நிறமேறும். எனவே பின்தலையில் மறைவான ஒரு கற்றையில் முதலில் சோதித்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு, பின்னர் முழுத் தலைக்கும் இடுவது வழக்கம். நிறம் ஈரத்தில் சற்று அடர்த்தியாகத் தெரியும் என்பதால், ஒரு சிறு கற்றையை உலர்த்திப் பார்த்தே முடிவு செய்யப்படுகிறது.

மருதாணியும் அவுரியும்

தமிழ்நாட்டில் எதிர்நிறக் கோட்பாட்டை ஒத்த முறை நரைமுடிக்குச் சாயமிடுவதில் காணப்படுகிறது. மருதாணி இலையில் உள்ள லாசோன் என்னும் பொருள் நரைமுடியைச் செம்மஞ்சளாக்கும். அதன்மேல் அவுரி இலைப்பொடி இடப்படும்போது அதிலிருந்து தோன்றும் நீலம் செம்மஞ்சளுடன் சேர்ந்து பழுப்பையும், மிகுதியாகப் படிந்தால் கருமையையும் தருகிறது. அவுரி தமிழ்நாட்டில் திண்டிவனம், விழுப்புரம் பகுதிகளில் பயிரிடப்படுகிறது.

ஆயினும் வெளிறூட்டப்பட்டு மஞ்சளான முடியில் அவுரியைத் தனியே இட்டால் பச்சை நிறம் தோன்றும். அது எளிதில் நீங்குவதில்லை. மேலும், கடைகளில் விற்கும் சில மருதாணிப் பொடிகளில் உலோக உப்புகள் கலந்துள்ளன. இத்தகைய முடியின்மேல் பெராக்சைடு பட்டால் வெப்பம் உண்டாகி முடி அறுந்துபோகலாம். மருதாணி இட்ட முடியை வெளிறச் செய்யுமுன் வெட்டிய சிறு கற்றையில் சோதிப்பது இன்றியமையாதது.

துணியிலும் பட்டிலும் இதே முறை

மஞ்சளித்த வெள்ளைத் துணியை நீலம் அல்லது ஊதா கொண்டு வெண்மையாகக் காட்டும் சலவை முறையும் இதே கோட்பாட்டின்பாற்பட்டது. 1983 இல் கேரளத்தின் திருச்சூரில் எம். பி. இராமச்சந்திரன் தொடங்கிய ஜோதி லேபரட்டரீஸ் நிறுவனத்தின் உஜாலா, ஊதாச் சாயத்தைக் கொண்ட சொட்டு நீலம் ஆகும். பட்டு நூலும் முடியைப் போலவே புரதத்தால் ஆனது. காஞ்சிபுரம் போன்ற நெசவு ஊர்களில் பயன்படும் கச்சாப் பட்டைச் சவர்க்காரமும் சோடாவும் இட்ட கொதிநீரில் வேகவைத்து, மஞ்சள் சாயல் கொண்ட செரிசின் என்னும் பசையை நீக்கிய பின்னரே அது சாயமேற்றத்திற்கு உரியதாகிறது. இதனால் நூலின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு வரை குறையும்.

சலவை நீலத்தைத் தலைமுடிக்குப் பயன்படுத்துதல் கூடாது. அது தோலில் படுவதற்கென ஆக்கப்பட்டதன்று. அளவு கட்டுப்படாமல் முடியில் திட்டுத்திட்டாக நிலைத்துவிடும்.

வரலாறு

ஐதரசன் பெராக்சைடை 1818 இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி ஜாக் தெனார் கண்டறிந்தார். 1867 ஆம் ஆண்டு பாரிசு உலகக் கண்காட்சியில் முடியை வெளிறச் செய்ய அது பயன்படும் என்று காட்டப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நரைமுடியின் மஞ்சளைப் போக்க மேலைநாட்டு முதியோர் பயன்படுத்திய நீல அலசலே இன்றைய ஊதா ஷாம்புவின் முன்னோடியாகும்.

திருமலை, பழனி, திருத்தணி முதலிய கோயில்களில் காணிக்கையாகத் தரப்படும் முடி ஏலம் விடப்பட்டு, பொய்முடிக்கும் முடிநீட்டிப்புக்கும் ஏற்றுமதியாகிறது. இக்கருமுடியில் ஒரு பகுதி மெதுவாக வெளிறச் செய்யப்பட்டு, பின் விரும்பிய சாயம் ஏற்றப்படுகிறது.

பாதுகாப்பு

- ஆக்சிசனேற்றச் சாயங்கள் பலவற்றில் பாரா-பினைலீன்டைஅமீன் உள்ளது. இது கடும் ஒவ்வாமையை உண்டாக்கக் கூடும். முன்பு தீங்கு தராத சாயமும் பின்னர் ஒவ்வாமை தரலாம் என்பதால், ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே தோலில் சிறிதளவு இட்டுச் சோதிக்க வேண்டும். 'கருமருதாணி' எனப்படும் பொருட்கள் சிலவற்றிலும் இது கலந்திருப்பதுண்டு.
- இப்பொருள் கலந்த சாயத்தை விழுங்கினால் தொண்டை வீங்கி மூச்சு அடைபடும், சிறுநீரகம் செயலிழக்கும், உயிரிழப்பும் நேரலாம். விழுங்கியவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். சாயங்களைச் சிறுவர்களுக்கு எட்டாத இடத்தில் வைப்பது இன்றியமையாதது.
- புருவத்திற்கும் இமைமுடிக்கும் சாயமோ வெளிறூட்டியோ இடக்கூடாது. பார்வை இழப்பு நேரலாம்.
- பெர்சல்பேட்டுப் பொடி மூச்சுத்திணறலைத் தூண்டக்கூடும். காற்றோட்டமுள்ள இடத்தில், கையுறை அணிந்து கலக்க வேண்டும்.
- பித்தளைச் சாயலைக் கண்டு அன்றே மீண்டும் வெளிறச் செய்வது முடியின் இருகந்தகப் பிணைப்புகளை மேலும் சிதைத்து, முடியை இரப்பர்போல் இழுபடவும் அறுந்துபோகவும் செய்யும். உச்சந்தலையில் எரிச்சலோ புண்ணோ இருப்பின் எந்தச் சாயமும் இடலாகாது.

இவற்றையும் பார்க்க

- மெலனின்
- மருதாணி
- அவுரி
- பட்டு