மெல்லக் கரையும் உரம்

கொட்டகலையில் பிறந்து இன்று டொரொன்டோவில் வாழும் நண்பர் ஒருவர், மாடியிலுள்ள பூந்தொட்டிகளுக்கு மஞ்சள் நிற மணிகள் போன்ற ஓர் உரம் வாங்கியதாக எழுதியிருந்தார். ஒருமுறை மண்ணில் கலந்தால் 6 மாதங்களுக்குப் போதுமாம். "இப்படியொன்று நம் தோட்டத்தில் இருந்ததா?" என்று கேட்டிருந்தார். இருந்தது. மணி வடிவில் இல்லை, அவ்வளவுதான்.

அந்த மணிகளின் மேல் பிசின் பூச்சு உண்டு. ஈரம் உள்ளே புகுந்து உரத்தைக் கரைக்க, அது சிறிது சிறிதாக வெளியே கசிகிறது. 1960களில் அமெரிக்காவில் உருவான முறை இது. மலையகத்தில் மெல்லக் கரையும் உரத்தின் கதை அதற்கும் நூறாண்டு முந்தியது.

கோப்பிக் காலத்துத் துரைமார் எலும்புத்தூளையும் புண்ணாக்கையும் செடியடியில் புதைப்பித்தனர். இரண்டும் மண்ணில் மக்கி மெதுவாகவே சத்தை விடுபவை. புண்ணாக்கு என்ற நம் சொல் 'பூனாக்' என இலங்கை ஆங்கிலத்திலும் ஏறியது. கூடைகளில் மலையேற்றியவர்கள் நம் முன்னோர். சொல்லுக்குக் கிடைத்த இடம் சுமந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1869இல் இலைத்துரு நோய் தோன்றியதும், உரத்தால் கோப்பியைக் காப்பாற்றலாம் என நம்பினர். ஜோன் ஹியூஸ் என்ற இரசாயனவியலாளர் கோப்பி மண், உரம் பற்றி எழுதிய அறிக்கை 1879இல் வெளிவந்தது. கோப்பி பிழைக்கவில்லை.

அடுத்து வந்த தேயிலைக்கு முள்முருக்கு துணையாயிற்று. அதன் வேர்முடிச்சுகள் காற்றின் நைதரசனைப் பிடித்து வைக்கும். கிளைகளை வெட்டித் தேயிலையடியில் பரப்பினால் தழை அழுகி உரமாகும். கொட்டகலைக்கு அண்மையில், தலவாக்கலை சென் கூம்ஸில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் தொடங்கப்பட்டது. பொலித்தீன் பைகளில் தண்டுத்துண்டு நட்டு நாற்று வளர்க்கும் முறையும், அளந்து இடும் கலவை உரங்களும் அதன் வழியே பரவின. யூரியா இலகுவில் கிடைக்கத் தொடங்கியதும் தழையின் மதிப்புக் குறைந்தது. யூரியாவோ வெயிலில் ஆவியாகும், மழையில் கழுவுண்டு போகும். ஆகவேதான் ஆண்டில் பல தவணைகளாக அதைப் போடுகிறார்கள்.

1971இல் அனுராதபுர மாவட்டத்தின் எப்பாவலையில் பொசுபேற்றுப் பாறை கண்டறியப்பட்டது. நெல்வயலுக்கு அது அவ்வளவாக உதவாது, எளிதில் கரையாது. தேயிலை மண்ணோ புளிப்பானது. அந்தப் புளிப்பு கல்லை மெல்லக் கரைக்கும். மற்றோரிடத்தில் குறையானது மலையில் குணமாயிற்று. இந்தப் பாறையைப் பன்னாட்டு நிறுவனத்திடம் ஒப்படைக்கும் திட்டத்தை எதிர்த்து அவ்வூர் மக்கள் வழக்காடினர். 2000இல் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. தேயிலைக்கு இதனால் நேர்ந்த நன்மையைப் பேசுவோர் குறைவு.

பின்னர் 2021 வந்தது. மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபாவாயிற்று. மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. எப்பாவலைக் கல் நாட்டிலேயே இருந்தது, ஆனால் கொழுந்தைத் தள்ளுவது நைதரசன். தழையுரம் ஒரு பருவத்தில் மண்ணைத் தேற்றாது, அதற்கு ஆண்டுகள் வேண்டும். அந்த ஆண்டுகளைக் கொடுக்காமலே சேதன விவசாயம் என்றார்கள். நவம்பரில் தடை விலகியது, விலை இறங்கவில்லை. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடியளவுக்குச் சரிந்தது. கொழுந்து குறைந்தாலும் நிறுவை குறையவில்லை. குறித்த கிலோ எட்டாதவருக்கு அரைப்பேர்தான் விழுந்தது. செடியின் பட்டினி அடுத்த மாதமே லயத்து அடுப்படிக்கு வந்துவிடும்.

யூரியாவை மெதுவாக விடுவிக்கும் நுண்துகள் உரமொன்றை இலங்கை ஆய்வாளர்களே உருவாக்கி, 2017இல் ஆய்வேட்டில் வெளியிட்டிருந்தனர். வெறும் யூரியாவைவிட 12 மடங்கு மெதுவாகக் கசியும் என்று அதில் காட்டியிருந்தார்கள். தடைக்கு முன்பு இதையெல்லாம் வயலுக்குக் கொண்டுவர நான்கு ஆண்டுகள் இருந்தன.

நண்பருக்கு எழுதிய பதிலையும் இங்கே தருகிறேன். மணிகளை மேலே தூவாமல் தொட்டி மண்ணில் கலந்துவிடுங்கள். நசுக்க வேண்டாம், பூச்சு உடைந்தால் உரம் ஒரேயடியாக இறங்கி வேரைச் சுட்டுவிடும். வெப்பம் ஏறினால் கசிவும் விரைவாகும். உங்கள் மாடி வெயிலில் 6 மாதம் 4 மாதமாகச் சுருங்கலாம். பழைய பால்மா டின்னில் உங்கள் அம்மா லயத்து வாசலில் ரோஜா வளர்த்தாரே, அந்தக் கொட்டகலைக் குளிரில் இன்னும் சில வாரம் கூடுதலாகவே தாங்கியிருக்கும்.