பள்ளி முடித்த பிள்ளைக்கு வேலை: முன்பணம் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்ததும் சேலம், நாமக்கல் கிராமங்களுக்கு ஆள் பிடிக்கும் தரகர்கள் வருவார்கள். நூற்பாலை, கோழிப்பண்ணை, ரிக் வண்டி என்று வேலை சொல்வார்கள். கையில் முன்பணமும் தருவார்கள். கடன் இருக்கும் வீட்டில் அதை மறுப்பது எளிதல்ல. ஆனால், விதை வாங்கும்போது நீல நிறச் சான்று அட்டையைப் பார்க்கும் நாம், பிள்ளையின் வேலையையும் அப்படிப் பார்க்க வேண்டாமா?

மொத்தத் தொகை என்றால் எச்சரிக்கை

நம் மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் பெண் பிள்ளைகளைச் சேர்த்ததை மறந்துவிடாதீர்கள். மூன்றாண்டு முடிவில் மொத்தப் பணம் என்றார்கள். இடையில் உடல்நலமின்றித் திரும்பிய பலருக்கு அது கிடைக்கவில்லை. முன்பணத்தைக் காட்டி யாரையும் வேலையில் கட்டிவைக்க முடியாது. 1976 ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அதைத் தடை செய்கிறது.

முதலில் பயிற்சி

• அரசு ஐ.டி.ஐ.யில் வெல்டர் (எட்டாம் வகுப்பு தேர்ச்சி), டீசல் மெக்கானிக் (பத்தாம் வகுப்பு தேர்ச்சி) ஓராண்டுப் பயிற்சிகள். ஃபிட்டர், எலக்ட்ரீசியன் இரண்டாண்டு. லாரி, பாடி கட்டும் பட்டறை, ரிக் தொழில் நிறைந்த நாமக்கல், திருச்செங்கோட்டில் இவை கைகொடுக்கும்.
• அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்து உயர்கல்வி அல்லது ஐ.டி.ஐ.யில் சேர்வோருக்கு மாதம் ரூ.1,000 கிடைக்கும். பெண்களுக்குப் புதுமைப் பெண் (2022), ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் (2024) திட்டம்.

"இரண்டு வருஷம் சும்மா போயிடுமே" என்று பயிற்சிக்கு வரும் பெற்றோர் சொல்வதுண்டு. தென்னை வைத்தவர் மறு ஆண்டே காய் கேட்பதில்லை.

வேலைக்கு அனுப்பும் முன் கேளுங்கள்

1. வயது: 14 நிரம்பாதவரை வேலைக்கு வைக்கக் கூடாது. 18 வரை ஆபத்தான வேலை கூடாது.
2. சம்பளம் மாதாமாதம் பிள்ளையின் வங்கிக் கணக்கில் வருமா?
3. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டா? எண்களை எழுதி வாங்குங்கள்.
4. ஆலையில் வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் இரட்டிப்புக் கூலி தருவார்களா?
5. விடுதியிலிருந்து தடையின்றிப் போன் பேசவும், நினைத்தால் வீட்டுக்கு வரவும் முடியுமா?

ஒன்றுக்கேனும் சரியான பதில் இல்லையென்றால் முன்பணத்தைத் தொடாதீர்கள். 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளை சிக்கலில் இருந்தால் 1098 என்ற எண்ணை அழையுங்கள். ஊரிலேயே தொழில் செய்ய விரும்பும் இளைஞர்கள், பயிற்சிகள் குறித்து சந்தியூர், நாமக்கல் வேளாண் அறிவியல் நிலையங்களை அணுகலாம்.