ஏற்காடு பாறைக்கு 250 கோடி வயசு... கண்டுபிடித்தது எப்படி? இந்தத் துறை இளம் விஞ்ஞானிகளுக்கு என்னென்ன விருதுகள்?

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மலையை வெட்டி ரோடு போட்ட இடங்களில் கருநீலமாக ஒரு பாறை தெரியும். பெயர் சார்னோக்கைட். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் கல்லறையில் இருக்கும் கல்லும் இதே வகைதான். பெயரும் அங்கிருந்து வந்ததுதான். சேர்வராயன் மலையின் உடம்பே பெரும்பாலும் இந்தப் பாறை. வயது சுமார் 250 கோடி ஆண்டுகள்.

கல்லுக்கு ஏது பர்த் சர்டிபிகேட்? அதை எழுதித் தருவது 'மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்' என்ற கருவி. தமிழில் நிறை நிறமாலைமானி.

கருவி எப்படி வேலை செய்கிறது?

பாறைக்குள் மணல் துகளைவிடச் சிறிய சிர்கான் படிகங்கள் இருக்கும். இவை உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை அநேகமாக விடாது. ஆக, இப்போது உள்ளே இருக்கும் ஈயம் யுரேனியம் சிதைந்து வந்ததுதான். யுரேனியம்-238 பாதியாகக் குறைய சுமார் 447 கோடி ஆண்டுகள் ஆகும். 250 கோடி ஆண்டுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈயமாகிவிடும். இரண்டின் விகிதம் தெரிந்தால் வயது கிடைத்துவிடும்.

அந்த அணுக்களைப் பிரிப்பதுதான் கருவியின் வேலை. அணுக்களுக்கு மின்னூட்டம் கொடுத்து, காந்தப் புலத்துக்குள் பாயவிடுவார்கள். ஏற்காடு வளைவில் பைக் சட்டென்று திரும்பும், லோடு லாரி அகலமாகச் சுற்றி வரும் இல்லையா? அதுபோல லேசான அணு அதிகம் வளையும், கனமானது குறைவாக வளையும்.

பூமியின் வயதையும் இப்படித்தான் கண்டுபிடித்தார்கள். 455 கோடி ஆண்டுகள் என்ற கணக்கை 1956-ல் வெளியிட்ட கிளேர் பேட்டர்சனுக்கு அப்போது வயது 34.

என்னென்ன விருதுகள்?

இந்தத் துறையில் இளையவர்களுக்கான முக்கிய விருது பீமன் பதக்கம். அமெரிக்க மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி சங்கம் வழங்குகிறது. 1976-ல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்களில் இதே வகைக் கருவியை வைத்து மண்ணைச் சோதித்த குழுவின் தலைவர் கிளாஸ் பீமன். அவர் பெயரில்தான் பதக்கம். கருவியையே புதிதாக வடிவமைப்பவர்களுக்கு கர்ட் புரூனே விருது. இதற்கு 45 வயதுக்குள் இருக்க வேண்டும். பாறை, மண் ஆராய்பவர்களுக்கு ஐரோப்பிய புவிவேதியியல் சங்கத்தின் ஹூட்டர்மன்ஸ் விருது.

இந்தியாவில் இந்தத் துறைக்கென்றே 1978 முதல் 'இஸ்மாஸ்' என்ற சங்கம் மும்பை டிராம்பேயில் இயங்குகிறது. எல்லா அறிவியல் துறைக்கும் பொதுவாக, 45 வயது வரை உள்ளவர்களுக்கு மத்திய அரசின் 'விஞ்ஞான் யுவா' விருது 2024 முதல் வழங்கப்படுகிறது. இதற்கு முன்பு இருந்த சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசிலும் வயது வரம்பு 45தான். மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் நீண்ட காலம் உழைத்த சென்னை ஐஐடி பேராசிரியர் டி.பிரதீப் 2008-ல் அந்தப் பரிசைப் பெற்றார்.

ஏன் இளையவர்களுக்குத் தனி விருது?

ஒரு நல்ல கருவியின் விலை பல கோடி ரூபாய். சீனியர் பேராசிரியருக்கு லேப் இருக்கும், பிஎச்.டி முடித்தவருக்கு ஐடியா மட்டும்தான் இருக்கும். அந்த வயதில் கிடைக்கும் ஒரு பதக்கம் வேலைக்கும் ஆராய்ச்சி நிதிக்கும் கேட்கும்போது பெரிய சிபாரிசு. 60 வயதில் கிடைத்தால் அது அலமாரிக்கு அழகு, அவ்வளவுதான்.

விருதுக்கு முன்னால் கருவி வேண்டுமே, சேலத்து மாணவர் என்ன செய்வார்? ஏற்காட்டில் கல்லை எடுத்து, உடைத்து, சிர்கானைப் பிரித்து டெல்லிக்குக் கொண்டுபோகலாம். அங்குள்ள இன்டர் யுனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டரில் தேசிய புவிக்காலக் கணிப்பு மையம் இருக்கிறது. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆய்வுத் திட்டத்தை எழுதிக் கொடுத்து அங்கே கருவியில் நேரம் கேட்கலாம்.