பெண் தொழில்முனைவோருக்கான அரசு புத்தாக்க மானியம்: விண்ணப்பிக்கும் முன் அறிய வேண்டியவை

பெங்களூரு: புதிய கண்டுபிடிப்புகளுக்கு மத்திய, மாநில அரசுகள் வழங்கும் மானியத்தைப் பெற, நல்ல யோசனை மட்டும் போதாது. நிறுவனம் எந்த வடிவில், எப்போது, யார் பெயரில் பதிவு செய்யப்பட்டது என்பதும், அதற்கு முன் எவ்வளவு அரசு உதவி பெறப்பட்டது என்பதும் தகுதியைத் தீர்மானிக்கின்றன. இவற்றில் ஒன்று தவறினாலும், யோசனை பரிசீலனைக்கு வரும் முன்பே விண்ணப்பம் தள்ளுபடியாகலாம்.

பெங்களூருவின் பிரேசர் டவுன், 1898ஆம் ஆண்டு பிளேக் நோய் பரவலுக்குப் பின் நகர நெரிசலைக் குறைக்கும் நோக்கில் திட்டமிட்டு உருவாக்கப்பட்ட பகுதி. புலிகேசி நகர் என்பது இதன் அலுவல் பெயர். மசூதி சாலையின் உணவுக் கடைகளுக்கும் பேக்கரிகளுக்கும் பெயர் பெற்ற இப்பகுதியில், இரு பெண்கள் தொழில் தொடங்க விரும்புவதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் தையலகம் திறக்க நினைக்கிறார். மற்றொருவர், சிறு உணவு வியாபாரிகளுக்காகக் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் குளிர்பதனப் பெட்டியை வடிவமைத்துள்ளார். இருவருக்கும் அரசு உதவி உண்டு. ஆனால், இருவரும் செல்ல வேண்டிய வழிகள் வேறு.

கடனா, மானியமா?

தையலகம் போன்ற வழக்கமான தொழிலுக்கு முத்ரா கடன், கர்நாடக மாநில மகளிர் மேம்பாட்டுக் கழகத்தின் உத்யோகினி ஆகிய திட்டங்கள் பொருத்தமானவை. உத்யோகினி திட்டத்தில் ரூ.3 லட்சம் வரை வங்கிக் கடனும், அதில் ஒரு பகுதிக்கு மானியமும் வழங்கப்படுகிறது. கடனில் எஞ்சிய தொகையைத் திருப்பிச் செலுத்த வேண்டும்.

குளிர்பதனப் பெட்டியின் நிலை வேறு. அது விற்பனைக்கு வருமா என்பதே இன்னும் உறுதியாகவில்லை. வருமானம் வராத நிலையில் கடன் பெற்றால், சோதனை தோல்வியடைந்தாலும் தவணை நிற்காது. இந்த இடரை அரசும் பகிர்ந்துகொள்வதற்காகவே புத்தாக்க மானியங்கள் வழங்கப்படுகின்றன.

நிறுவனத்தின் வடிவம்

மத்திய அரசின் புத்தொழில் அங்கீகாரத்தை, தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை (டிபிஐஐடி) வழங்குகிறது. பிரைவேட் லிமிடெட் நிறுவனம், எல்எல்பி எனப்படும் வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை, பதிவு பெற்ற கூட்டாண்மை நிறுவனம் ஆகியவை இதற்கு விண்ணப்பிக்கலாம். தனி உரிமையாளர் நிறுவனங்கள் இந்தப் பட்டியலில் இல்லை. ஏற்கெனவே உள்ள தொழிலைப் பிரித்தோ, மாற்றியமைத்தோ உருவாக்கப்பட்ட நிறுவனத்துக்கும் அங்கீகாரம் கிடையாது.

வீட்டிலிருந்து தொழில் செய்வோருக்குத் தனி உரிமையாளராகத் தொடங்குவதே எளிது. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுச் சான்றிதழும் அவர்களுக்குக் கிடைக்கும். ஆனால், அச்சான்றிதழ் புத்தொழில் அங்கீகாரத்துக்கு ஈடாகாது.

இரண்டு ஆண்டு வரம்பு

ரூ.945 கோடி ஒதுக்கீட்டில் 2021ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதி' திட்டத்தில், மாதிரி உருவாக்கத்துக்கும் சோதனைக்கும் ரூ.20 லட்சம் வரை மானியம் வழங்கப்படுகிறது. சந்தைப்படுத்துதலுக்கு ரூ.50 லட்சம் வரை கடனாகவோ, பங்குகளாக மாற்றத்தக்க கடன் பத்திரமாகவோ பெறலாம். தேர்வு செய்யப்பட்ட தொழில் வளர்காப்பகங்கள் வழியாகவே இந்த நிதி வழங்கப்படுகிறது. மானியத் தொகை ஒரே தவணையில் கிடைக்காது. ஒவ்வொரு கட்டப் பணியும் முடிந்த பிறகே அடுத்த தவணை விடுவிக்கப்படும்.

விண்ணப்பிக்கும் நாளில், நிறுவனம் பதிவாகி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. பிற மத்திய, மாநில அரசுத் திட்டங்களில் ரூ.10 லட்சத்துக்கு மேல் நிதியுதவி பெற்றிருக்கவும் கூடாது. போட்டிப் பரிசுத் தொகை, சலுகை வாடகையிலான பணியிடம், ஆய்வகப் பயன்பாடு ஆகியவை இந்தக் கணக்கில் சேராது.

எனவே, மாதிரி தயாராகும் முன்பே அவசரமாக நிறுவனத்தைப் பதிவு செய்தால், ஆய்வுப் பணியிலேயே இரண்டு ஆண்டுகளும் கழிந்துவிடக்கூடும்.

நிறுவனம் தொடங்கும் முன்

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் 'நிதி பிரயாஸ்' திட்டத்தில், பொருள் வடிவிலான கண்டுபிடிப்பின் மாதிரியை உருவாக்க ரூ.10 லட்சம் வரை உதவி கிடைக்கிறது. தனிநபர்களும் இதற்கு விண்ணப்பிக்கலாம். குளிர்பதனப் பெட்டிக்கு இதுவே முதல் படியாக அமையலாம். பிரயாஸ் உதவியின் உச்சவரம்பு ரூ.10 லட்சம் என்பதால், அதை மட்டும் பெற்றவர் விதை நிதிக்கான தகுதியை இழப்பதில்லை.

உயிரித் தொழில்நுட்பம், மருத்துவக் கருவி போன்ற துறைகளுக்கு, பைராக் நிறுவனத்தின் 'பிக்' மானியம் ரூ.50 லட்சம் வரை, 18 மாத காலத்துக்கு வழங்கப்படுகிறது. வளர்காப்பகம் ஒன்றுடன் இணைந்த தனிநபர்களும் இதில் பங்கேற்கலாம். பெங்களூருவில் உள்ள சி-கேம்ப் இத்திட்டத்தின் பங்குதார அமைப்புகளில் ஒன்று.

கர்நாடகத்தின் 'எலிவேட்'

கர்நாடக அரசு 2017ஆம் ஆண்டு தொடங்கிய 'எலிவேட்' திட்டத்தில், மாநிலத்தில் பதிவு பெற்ற புத்தொழில் நிறுவனங்கள் நடுவர் குழு முன் தங்கள் கண்டுபிடிப்பை விளக்க வேண்டும். தேர்வு பெறுவோருக்கு ரூ.50 லட்சம் வரை மானியம் உண்டு. இதற்கு ஈடாக நிறுவனத்தின் பங்குகளை அரசு கேட்பதில்லை.

இங்கு வரிசை முக்கியமாகிறது. எலிவேட்டில் ரூ.10 லட்சத்துக்கு மேல் பெற்ற நிறுவனம், அதன்பின் மத்திய அரசின் விதை நிதிக்கு விண்ணப்பிக்க இயலாது. இரண்டில் எது தேவை என்பதை முன்கூட்டியே முடிவு செய்வது அவசியம்.

தமிழ்நாட்டின் 'டான்சீட்' திட்டத்தில் பொதுப் பிரிவுக்கு ரூ.10 லட்சமும், பெண்கள் தலைமையிலான நிறுவனங்களுக்கு ரூ.15 லட்சமும் வழங்கப்படுகிறது. ஆனால், அங்கு 3 சதவீதப் பங்கை அரசுக்கு அளிக்க வேண்டும்.

யாருடைய நிறுவனம்?

2024 அக்டோபர் 31 நிலவரப்படி, குறைந்தது ஒரு பெண் இயக்குநரைக் கொண்ட அங்கீகரிக்கப்பட்ட புத்தொழில் நிறுவனங்கள் 73,151 என மத்திய அரசு தெரிவித்துள்ளது. ஒரு பெண் இயக்குநராக இருப்பதும், நிறுவனம் அவருக்குச் சொந்தமாக இருப்பதும் ஒன்றல்ல. 2016ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'ஸ்டாண்ட் அப் இந்தியா' கடன் திட்டம், பெண்கள் பிரிவில் விண்ணப்பிக்கும் நிறுவனங்களில் 51 சதவீதப் பங்கும் கட்டுப்பாடும் பெண்ணிடம் இருக்க வேண்டும் என நிபந்தனை விதித்தது. கணவர் அல்லது சகோதரர் பெயரில் பெரும்பான்மைப் பங்குகளை வைத்துவிட்டு, மனைவியை இயக்குநராக மட்டும் சேர்த்த நிறுவனம் இதுபோன்ற விதியில் தகுதி பெறாது.

வழிகாட்டுதல் எங்கே?

1983ஆம் ஆண்டு பெங்களூருவில் தொடங்கப்பட்ட கர்நாடகப் பெண் தொழில்முனைவோர் சங்கமான 'அவேக்', பயிற்சியும் ஆலோசனையும் அளித்து வருகிறது. பெங்களூரு ஐஐஎம் வளாகத்தில் உள்ள என்எஸ்ஆர்செல், பெண்களுக்கெனத் தனி வளர்காப்புத் திட்டங்களை நடத்தியுள்ளது. நிதி ஆயோக் 2018ஆம் ஆண்டு தொடங்கிய பெண் தொழில்முனைவோர் தளத்தில் திட்டங்கள் குறித்த தகவல்களைப் பெறலாம்.

முதலில் தனிநபராக மாதிரிக்கு உதவி பெறுவது, மாதிரி உருப்பெற்றதும் தம் பெயரில் பெரும்பான்மைப் பங்குடன் நிறுவனத்தைப் பதிவு செய்வது, உடனடியாக டிபிஐஐடி அங்கீகாரம் பெறுவது, பின்னர் விதை நிதியா எலிவேட்டா என முடிவெடுப்பது என்ற வரிசையே குளிர்பதனப் பெட்டியை வடிவமைத்தவருக்கு ஏற்றது. அறிவிப்பு வெளியாகும் காலமும் நிபந்தனைகளும் அவ்வப்போது மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் முன் அந்தந்தத் திட்டத்தின் அலுவல் இணையதளத்தைச் சரிபார்ப்பது நல்லது.