மேசைக் கணனியும் அதன் சூடும் — ஒரு வரலாற்று நோக்கு

எந்திரம் என்ற ஒன்றை மனிதன் ஆக்கிய நாள் தொட்டே சூடு என்னும் பகையும் அதனுடன் கூடப் பிறந்துவிட்டது. வண்டியச்சுக்கு எண்ணெய் இட்ட நம் முன்னோரும் இப்பகையை அறிந்தவர்களே. ஆயினும், கணக்கை மாத்திரம் போடும் ஒரு பெட்டி ஏன் சுடவேண்டும் என்று சிந்திப்பவர் சிலரே. மலர்க்குழுவினர் எம்மிடம் கட்டுரை கேட்டபொழுது கோயில் வரலாறோ ஊர் வரலாறோ வருமென்று எண்ணியிருப்பர். அவற்றை எம்மினும் வல்லார் எழுதுவர். நாமோ, இன்று மாத்தளையில் எத்தனையோ இல்லங்களின் மேசைமேல் அமர்ந்துவிட்ட கணனியின் வரலாற்றை, அதன் சூட்டையே வழியாகக் கொண்டு சிறிது நோக்கப் புகுகின்றோம்.

இதற்குக் காரணமும் உண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் பாடசாலைகள் மூடப்பட்ட பின்னர், எமது இல்லத்துப் பழைய கணனி அயல்வீட்டுப் பிள்ளைகள் மூவருக்கும் வகுப்பறை ஆயிற்று. அப்பெட்டிக்குள் வேறொரு பொருளும் இருந்தது. எங்கள் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் தம் கைப்பட எழுதி வைத்த திருவிழாக் கணக்குக் கொப்பிகளை, கறையான் தின்று முடிப்பதற்கு முன்னர் ஏடு ஏடாகப் படம் பிடித்து அதிலே சேர்த்திருந்தோம். கொப்பிகள் போய்விட்டன, படங்கள் மாத்திரமே எஞ்சின. வேறு பிரதி எடுத்து வைக்கவில்லை. எமது மடமையை ஒளிப்பானேன்!

2022ஆம் ஆண்டில் டொலர் ஒன்றின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறிற்று. மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றது. அக்காலத்திலேதான் எமது கணனியும் நோய்வாய்ப்பட்டது. பத்து நிமிடம் ஓடும். பின்னர் சொல்லாமற் கொள்ளாமல் நின்றுவிடும். கடைக்காரர் ஒருவர் பெட்டியைத் திறந்தும் பாராமல், “இது முடிந்தது, புதிது வாங்குங்கள்” என்றார். அவர் சொன்ன விலை எமது மூன்று மாதச் சம்பளம். ஆகவே நாமே திறந்து பார்ப்பதெனத் துணிந்தோம். துணியுமுன் சிறிது படித்தோம். படித்தவற்றுள் வரலாறும் வந்து சேர்ந்தது.

கம்பியின் வழியே மின்சாரம் ஓடினால் தடை காரணமாகச் சூடு பிறக்கும். மின்னழுத்தியும் கணனியும் இவ்வகையில் உடன்பிறப்புக்களே. கணனி உண்ணும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் ஈற்றிற் சூடாகவே வெளியேறுகின்றது. 1946ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் என்னும் கணனியை எண்ணிப் பார்க்க. அதன் நிறை சுமார் 30 தொன். அதிலே பழைய றேடியோப் பெட்டியில் நாம் கண்ட வால்வுகள் போன்றவை ஏறத்தாழ 18,000 இருந்தன. அது உண்ட மின்சாரம் 150 கிலோவாட். நம் வீட்டுக் கணனி 150 வாட் உண்ணுமாயின், ஆயிரம் வீட்டுக் கணனிகளின் சூட்டை ஒரே மண்டபத்தில் அடைத்தது போலாம். பெரும் ஊதுவிசிறிகள் அச்சூட்டை இடைவிடாது வெளியேற்றின. வால்வுகள் பெரும்பாலும் பழுதடைந்தது வேலை செய்யும்போதன்று. மூட்டிச் சூடேறும்போதும் அணைத்து ஆறும்போதுமே. இதனாலே அதனை அணையாது வைத்திருப்பதே இலாபம் எனக் கண்டனர். மின்வெட்டுக் காலத்திற் பகல் முழுதும் அணைந்தும் எரிந்தும் துன்புற்ற எமது கணனியை நினைத்து, இவ்வரியைப் படித்தபோது நாம் பெருமூச்செறிந்தோம்.

1947ஆம் ஆண்டு செப்டெம்பர் 9ஆம் திகதி, ஹாவாட் மார்க் 2 என்னும் கணனியின் மின்தொடுப்பான் ஒன்றினுள் விட்டிற்பூச்சியொன்று அகப்பட்டுக் கிடந்தது. அதனைக் கண்டெடுத்தோர் குறிப்புப் புத்தகத்தில் ஒட்டி, பூச்சி உண்மையாகவே அகப்பட்ட முதற் சந்தர்ப்பம் இதுவே என்று வேடிக்கையாக எழுதிவைத்தனர். அப்புத்தகம் இன்றும் அமெரிக்க நூதனசாலையில் உண்டு. பழுது கண்டவுடன் நாள், நேரம், அறிகுறி ஆகியவற்றை எழுதிவைக்கும் அந்தப் பழக்கத்தையே நாமும் கைக்கொண்டோம். பூச்சியும் எமக்குக் கிடைத்தது. அதனைப் பின்னர் கூறுவாம்.

அவ்வாண்டு டிசெம்பரிற் பெல் ஆய்வுகூடத்திலே பார்டீன், பிராட்டெய்ன் என்போர் திரான்சிஸ்டரை இயங்கச் செய்தனர். 1958இல் ஜாக் கில்பியும் 1959இல் றொபட் நொய்சும் பல திரான்சிஸ்டர்களை ஒரே துண்டில் அடக்கும் வழியைக் கண்டனர். கணனி சிறுத்தது. நம் நாட்டிலும் 1960-களில் அரச பொறியியற் கூட்டுத்தாபனம் போன்ற இடங்களுக்குக் கணனி வந்தது. அக்காலக் கணனி குளிரூட்டிய தனியறையில் வீற்றிருக்கும் மகாராசா. சாதாரண மனிதர் கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்ப்பதே பெரிது. அதனைப் பொதுமக்கள் பொருளாக்க உழைத்தவர்களுள் பேராசிரியர் வி. கே. சமரநாயக்க அவர்கள் முதன்மையானவர். 1987இற் கொழும்புப் பல்கலைக்கழகத்திலே கணனித் தொழினுட்ப நிறுவகம் தோன்றியது. பின்னர் நெனசல நிலையங்கள் கிராமங்கள் வரை கணனியைக் கொண்டுவந்தன. குளிரூட்டிய அறையிற் பிறந்த பொருள், தூசியும் ஈரமும் எறும்பும் நிறைந்த நம் வீட்டுக் கூடத்துக்கு வந்த கதை இவ்வளவே.

நிற்க. வீட்டுக் கணனி ஆதியில் இத்துணைச் சூடுடையதன்று. 1981இல் ஐ. பீ. எம். வெளியிட்ட கணனியின் மின்வழங்கி 63.5 வாட் வலுவே உடையது. அதன் மூளையாகிய சில்லின்மேல் விசிறியும் இல்லை, உலோகக் கவசமும் இல்லை. 1993இற் பென்ரியம் வந்தபோது விசிறியும் உடன் வந்தது. வேகம் ஒன்றே பெருமை என்று போட்டி நடந்தது. 2004ஆம் ஆண்டளவிற் பென்ரியம் 4 வகைச் சில்லுகள் சில 100 வாட்டையும் கடந்தன. அவ்வாண்டிலேயே, அவ்வழியில் மேலும் செல்லவியலாதெனக் கண்ட இன்ரெல் நிறுவனத்தார் வேகப் போட்டியை விடுத்து, ஒன்றுக்குப் பதில் இரண்டு மூளைகளைக் குறைந்த வேகத்தில் ஓட்டும் வழிக்குத் திரும்பினர். அகங்காரத்தைச் சூடு அடக்கியது என்று எமது நண்பரொருவர் சொல்லிச் சிரிப்பார்.

இக்காலச் சில்லின் தலைமேல் அலுமினியத்தாலோ செம்பாலோ ஆன ஒரு சீப்பு உண்டு. சில்லுக்கும் சீப்புக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களிற் காற்று நின்றுவிடும். காற்றோ சூட்டைக் கடத்துவதில் மகா சோம்பேறி. அப்பள்ளங்களை நிரப்பவே, கடைகளில் ‘தேர்மல் பேஸ்ட்’ என விற்கும் பசையைப் பூசுகின்றனர். சில சீப்புக்களிற் செம்புக் குழாய்களும் காணப்படும். அவற்றினுள்ளே சிறிது நீர் உண்டு. சில்லின் பக்கம் அது ஆவியாகும். சீப்பின் பக்கம் சென்று குளிர்ந்து நீராகித் திரும்பும். புட்டுப்பானையின் மூடியில் ஆவி துளிர்த்துச் சொட்டுவதைக் காணும் தாய்மார்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. 1963இல் ஜோர்ஜ் குறோவர் என்பார் லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தில் இவ்வகைக் குழாயைத் திருத்தமுறச் செய்து காட்டினார்.

காற்றை வழிநடத்தும் வித்தை நமக்குப் புதியதன்று. தோட்டங்களில் நம்மவர் கொழுந்து பறித்துக் கொடுத்த தேயிலை ஸ்டோரை நினைக்க. மேல்மாடியிற் சாக்குத் தட்டுக்களில் கொழுந்தைப் பரப்பி, ஒரு கோடியிற் பெருவிசிறியைப் பூட்டி, காற்று ஒரு முனையிற் புகுந்து கொழுந்தின்மேற் படர்ந்து மறுமுனையால் வெளியேறும்படி வாட்டினர். நடுவில் வேண்டாத யன்னலைத் திறந்து வைத்தால் காற்று குறுக்கே ஓடிவிடும், கொழுந்து வாடாது. கணனிப் பெட்டிக்கும் இதுவே நியாயம். முன்பக்கம் கீழே குளிர்காற்றுப் புக வேண்டும். பின்பக்கம் மேலே சுடுகாற்று வெளியேற வேண்டும். நடுவிற் கம்பிக் கற்றைகள் குறுக்கே தொங்கலாகாது. பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு மேசைவிசிறியைத் திருப்பிவிடுவோர் உளர். இரண்டு நாள் குளிரும். பின்னர் வீதித் தூசி முழுவதும் உள்ளே குடியேறும்.

இனி எமது கணனிக்கு வருவோம். மூட்டிய கணமே நின்றால் மின்வழங்கியைச் சந்தேகிக்கலாம். சில நிமிடம் ஓடி நின்று, ஆறியபின் மறுபடி ஓடினால் சூட்டைச் சந்தேகிக்க வேண்டும். நிற்பதற்கு முன் வேகம் குன்றுதலும் சூட்டின் அறிகுறியே. சில்லு தன்னைக் காக்கத் தானே மெல்ல ஓடுகின்றது. திகதி பிழைத்தால் நாணயம் போன்ற 3 வோல்ட் மின்கலம் தீர்ந்தது. கப்பாசிற்றர்களின் தலை வீங்கியிருந்தால் அதுவே நோய். 2000ஆம் ஆண்டையொட்டிய வருடங்களிற் பழுதான கப்பாசிற்றர்கள் உலகெங்கும் கணனிகளைக் கொன்றன. எமது பலகையில் வீக்கம் இல்லை. வெப்பநிலையோ 90 பாகையைத் தாண்டி நின்றது.

மின்செருகியைக் கழற்றி, தொடக்கும் பொத்தானைச் சிலகணம் அழுத்தி எஞ்சிய மின்னைப் போக்கி, உலோகச் சட்டத்தைத் தொட்டு எம் உடல்மின்னையும் இறக்கிவிட்டுத் திறந்தோம். மின்வழங்கிப் பெட்டியை மாத்திரம் திறக்கவில்லை. செருகியைக் கழற்றிய பின்னரும் அதனுள் உயிர்குடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும். சீப்பின் பற்களுக்கிடையிற் கம்பளிபோல் தூசி. விசிறியின் அச்சோரத்தில் உலர்ந்துபோன ஒரு பல்லிக்குஞ்சு! ஹாவாட் பூச்சிக்கு மாத்தளை பல்லி மறுமொழி கூறிற்று. விசிறி சுழலாதபடி விரலாற் பிடித்துக்கொண்டு மெல்லிய தூரிகையால் துடைத்தோம். பழைய பசை சுண்ணாம்பாய் உதிர்ந்தது. அதனைச் சாராயத் திரவத்தால் நீக்கி, பட்டாணி அளவு புதுப்பசை இட்டோம். வெப்பநிலை 60 பாகைக்கு இறங்கியது.

இரைச்சல் எஞ்சியது. ஒரே விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். ஒலியோ சுமார் 15 டெசிபெல் குறையும். ஆகையாற் பெரிய விசிறியை மெல்ல ஓட்டுவதே சூழ்ச்சி. 80 மில்லிமீற்றர் விசிறியை நீக்கி 120 மில்லிமீற்றர் விசிறியைப் பூட்டினோம். அதன் பரப்பு இரண்டு மடங்குக்கும் மேல். செலவு பசையும் விசிறியும் சேர்த்துப் புதுக்கணனியின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

சூடு அடங்கிய அன்றிரவே கணக்குக் கொப்பிப் படங்களை இரண்டு தட்டுக்களிற் பிரதி செய்தோம். ஒன்று எம்மிடம் உண்டு. மற்றையது உக்குவளையில் எமது மைத்துனர் வீட்டுப் பெட்டகத்தில் இருக்கின்றது. அயல்வீட்டுப் பிள்ளைகள் மறுநாட் காலை வந்து, கணனி ஓடுகின்றதா இல்லையா என்று எம்மைக் கேட்டனர். விசிறியின் ஒலி அவர்களுக்குக் கேட்கவில்லை.