பூம்பாத்தியும் பூனையும்: பெங்களூர்த் தோட்டக் காவலின் வரலாறு

பெங்களூரின் பழைய தோட்டக் காவல், எல்லையில் வேலியிட்டு உயிர்களைத் தடுப்பது என்ற ஒரே கருத்தின்மேல் எழுந்தது. 1791 மார்ச்சில் ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸின் படை, பேட்டை எனப்படும் பழைய ஊரைத் தாக்கியபோது, மண்மதிலுக்கும் அகழிக்கும் இடையே மனிதர் நுழைய இயலாதவாறு முட்புதர்கள் அடர்த்தியாக வளர்க்கப்பட்டிருந்தன. ஊரைக் காத்த அதே முள்தான் அக்காலத் தோப்புகளையும் காத்தது. கொடுக்காப்புளி, கள்ளி, கற்றாழை ஆகியவற்றை நெருக்கமாக நட்டு வளர்க்கும் உயிர்வேலி, அதாவது செடிகளையே சுவராக்கும் முறை, தென்னிந்தியத் தோட்டக்காரர்கள் நன்கு அறிந்த தொழில்நுட்பமாகும்.

1760இல் ஹைதர் அலி லால்பாக் தோட்டத்தைத் தொடங்கிய பின், தமிழ் வேர் கொண்ட தோட்டக்காரச் சமூகமான திகளர்கள் இந்நகரின் தோட்டக்கலைக்கு முதுகெலும்பாக விளங்கினர். 1809இல் தண்டு எனப்படும் ராணுவக் குடியிருப்பு உருவானதும், பங்களாக்களின் அகன்ற வளாகங்களில், உண்பதற்கன்றி அழகுக்காகவே வளர்க்கப்படும் செடிகளுக்குரிய பூம்பாத்திகள் பெருகின. அவற்றுக்கு அஞ்சத்தக்க பகை ஆடும் மாடுமே என்பதால் சட்டமும் அவற்றையே நோக்கியது. பிரித்தானிய இந்தியாவில் 1871இல் இயற்றப்பட்ட கால்நடை அத்துமீறல் சட்டம், பிறர் நிலத்தில் புகுந்து பயிரை அழிக்கும் விலங்கைப் பவுண்டு எனப்படும் பட்டியில் அடைக்க வழிசெய்தது. யானை, ஒட்டகம், எருமை, குதிரை, கழுதை, பன்றி, ஆடு ஆகியவற்றையெல்லாம் கால்நடை என்ற சொல்லுக்குள் அடக்கிய அச்சட்டம், பூனையைச் சேர்க்கவில்லை. பூனை மேய்வதில்லை, அதனை நிறுத்தும் வேலியும் இல்லை.

1898இல் பெங்களூரைத் தாக்கிய கொள்ளைநோய், அதாவது எலிகளின் தெள்ளுப்பூச்சிகள் வழியே பரவும் பிளேக், தோட்டத்தையும் பூனையையும் ஒருசேர நகருக்குள் நிலைநிறுத்தியது. நெரிசல் மிகுந்த பேட்டையை விட்டு மக்கள் வெளியேறியதால், அப்பத்தாண்டில் திட்டமிடப்பட்ட மல்லேசுவரமும் பசவனகுடியும் விரைந்து வளர்ந்தன. அங்கே காற்றும் வெளிச்சமும் வரும் வகையில் வீட்டைச் சுற்றி இடம் விடப்பட்டதால், தோட்டம் நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டியது. எலியே நோயின் ஊற்று என்பது நிறுவப்பட்ட காலத்தில், மத்திய மாகாணத்தில் பணியாற்றிய ஆண்ட்ரூ புக்கானன் என்ற மருத்துவ அதிகாரி, பூனைகள் மிகுந்த ஊர்களில் பிளேக் குறைவாக இருந்ததாகக் கூறி, பூனை வளர்ப்பை வலியுறுத்தினார். பூனைக்கும் பிளேக் தொற்றும், அதனிடமிருந்து மனிதருக்கும் பரவும் என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. எனினும் எலியை அடக்கும் துணையாக அது பெற்ற மதிப்பு குறையவில்லை. ஸ்ரீராமபுரத்தை ஒட்டி, ரயில் நிலையத்தின் அருகே அமைந்த ஒக்கலிபுரம் போன்ற நெருங்கிய குடியிருப்புகளில், பூந்தோட்டம் தொட்டியளவுக்குச் சுருங்கினாலும் தெருப்பூனைக்கு இடம் சுருங்கவில்லை.

இவ்வாறு, வேண்டப்பட்ட விலங்கே பாத்திக்கு வேண்டாததாயிற்று. பூனை தன் கழிவைப் புதைக்க உலர்ந்து பொலபொலப்பாக உள்ள மண்ணை நாடுவதால், நாற்று நடுவதற்காகக் கிளறிய பாத்தியே அதனை ஈர்க்கிறது. இளஞ்செடிகள் வேரோடு பெயர்வதுடன், டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனைக் கழிவின் வழியே மண்ணில் கலக்கும் என்பது 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் உறுதிப்பட்டதால், வெறுங்கையால் மண்ணைக் கையாளும் தோட்டக்காரரின் உடல்நலமும், குறிப்பாகக் கருவுற்ற பெண்களின் நலமும், இதில் அடங்கியுள்ளது.

ஆகவே காவல் எல்லையிலிருந்து பாத்திக்கே நகர்ந்தது. முள்கிளைகளை நாற்றுகளுக்கிடையே பரப்புவது, மண்ணை ஈரமாக வைப்பது, வெற்றிடம் தெரியாதவாறு செடிகளை நெருக்கி நடுவது, கூழாங்கல் இடுவது, மண்ணுக்குச் சற்றுக் கீழே கம்பிவலையைப் படுக்கவைத்து அதன் கண்கள் வழியே செடியை வளரவிடுவது ஆகிய அனைத்தும் பூனையின் கால் தோண்டும் வாய்ப்பை மட்டுமே பறிக்கின்றன. வேலியாய் நின்று காத்த முள், படுக்கையாக மாறி, இன்றும் பயன்படுகிறது.

1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் விலங்குகளுக்குத் தேவையற்ற துன்பம் இழைப்பதைக் குற்றமாக்கியதால், நஞ்சும் கண்ணியும் சட்டத்தாலும் விலக்கப்பட்டவை. எலிக்கு அஞ்சிய நகரம் தன் தேவைக்காகப் பேணிய உயிரை, சாமந்திக்காக அழிப்பது நன்றியுடைமையும் ஆகாது. விலங்கை விட்டுவிட்டு மண்ணை மாற்றுவதே இரண்டையும் காக்கும் வழி என்பதை இந்த வரலாறு தெளிவாக நிறுவுகிறது.